குரோமரில் ஒரு மீட்புப் படகு அருங்காட்சியகம்: போய் வந்த கதை

கொட்டகலை டீச்சர்:

இங்கிலாந்தில் நோர்விச் என்ற ஊரில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்யும் மகளிடம் மூன்று மாதம் இருந்துவிட்டுப் போன கிழமைதான் வீடு வந்து சேர்ந்தேன். லண்டன் பார்த்தீர்களா, அரண்மனை பார்த்தீர்களா என்று எல்லோரும் கேட்கிறார்கள். பார்த்தேன், சரி. ஆனால் மனதில் நிற்பது குரோமர் என்ற கடற்கரை ஊரில் பார்த்த ஒரு சின்ன அருங்காட்சியகம்தான். வீட்டில் இதைக் கேட்கப் பொறுமையுள்ள ஆளில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நோர்விச்சிலிருந்து கோச்சியில், அதாவது ரயிலில், முக்கால் மணி நேரம். ஊர் மேட்டில், கடல் பள்ளத்தில். சரிவில் இறங்கும்போது நம்மூர்த் தேயிலைத் தோட்டத்துப் படிக்கட்டை நினைத்து முழங்கால் முனகியது. கடலுக்குள் நீண்டு போகும் மேடைப் பாலத்தின் நுனியில் இப்போதைய மீட்புப் படகு நிற்கிறது. பழைய படகு கரையில், அருங்காட்சியகத்துக்குள். உள்ளே போகக் காசில்லை, உண்டியல்தான்.

நடுவில் ‘எச். எஃப். பெய்லி’ என்ற படகு நிற்கிறது. 46 அடி. தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், நாலு காம்பரா (அறை) நீளம் வரும். கீழே நின்று நிமிர்ந்து பார்த்தால் பெரிய படகு. ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் அதே படகு சின்னதாகிவிடுகிறது. நான் நாலைந்து தடவை அப்படித் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பேரன் “ஆச்சி, என்ன செய்றீங்க?” என்று கேட்டான்.

அந்தப் படகை ஓட்டியவர் ஹென்றி ப்ளொக். நண்டு பிடிக்கும் தொழிலாளி. 18 வயதில் மீட்புப் படகில் சேர்ந்தவர், 1909இல் அதன் தலைவரானார். வடக்குக் கரையில் தண்டையல் என்பார்களே, அந்தப் பொறுப்பு. 1947இல் விலகும்போது வயது 71. அவரும் அவருடைய ஆட்களும் 387 தடவை கடலில் இறங்கி 873 உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். மூன்று தங்கப் பதக்கம், நாலு வெள்ளிப் பதக்கம். இதெல்லாம் இருக்கட்டும். அந்த மனிதருக்கு நீந்தத் தெரியாதாம்!

1917 ஜனவரி 9ஆம் திகதிக் கதையைப் படித்தபோது அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். முதலாம் உலகப் போர் நேரம். இளந்தாரிகள் எல்லாம் போருக்குப் போய்விட்டார்கள், படகில் மிச்சமிருந்தவர்களின் சராசரி வயது ஐம்பதுக்கு மேல். அப்போதைய படகுக்கு இயந்திரம் கிடையாது, துடுப்புதான். பைரின் என்ற கிரேக்கக் கப்பலிலிருந்து 16 பேரைக் கரை சேர்த்துவிட்டு, கை ஓய்ந்துபோய் நின்றார்கள். அப்போது ஃபெர்னிபோ என்ற சுவீடன் கப்பல் கண்ணிவெடியில் இரண்டாகப் பிளந்துவிட்டது. மறுபடி இறங்கினார்கள். அலை கரைக்கே தள்ளியது, துடுப்புகள் உடைந்தன. வேறு துடுப்பு எடுத்துக்கொண்டு இருட்டில் திரும்பவும் இறங்கி 11 பேரைக் கொண்டுவந்தார்கள். ஐம்பது வயதில் கொழுந்துக் கூடையோடு மலையேறுகிறவர்களைப் பார்த்து வளர்ந்தவள் நான். உடம்பு என்ன சொல்லியிருக்கும் என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

இன்னொன்று. அங்கே தொண்டராக நின்ற பெரியவர் ஒருவர், மிதவை அங்கியைப் பற்றிச் சொன்னார். முதலில் தக்கையில் செய்தார்களாம். 1904இலிருந்து அதற்குப் பதிலாக ‘கபொக்’ வைத்தார்களாம். அது என்னவென்று விளங்காமல் மகள் கைப்பேசியில் தேடிக் காட்டினாள். இலவம்பஞ்சு! நம் தலையணைப் பஞ்சு! “இதை நான் தலைக்கு வைத்துத் தூங்கியிருக்கிறேன்” என்று மகளை விட்டுச் சொல்லச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மேல்மாடியில் ஒரு தேநீர்க் கடை. பையில் தொங்கிய தேத்தண்ணீர். அதைப் பற்றி எழுதாமல் விடுகிறேன்.

வேறு யாராவது இந்த மாதிரி இடம் போயிருக்கிறீர்களா? நம் நாட்டில் இப்படி ஏதாவது இருக்கிறதா?

இலவு காத்த கிளி:

டீச்சர், என் பெயரைப் பார்த்தீர்கள்தானே, நான் பேசாமல் இருக்க முடியுமா! மாத்தளைப் பக்கம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் இரண்டு இலவ மரம் நின்றது. காய் வெடிக்கிற மாதத்தில் முற்றமெல்லாம் வெள்ளை. அம்மா மூக்கில் துணி கட்டிக்கொண்டு விதை எடுப்பார். அந்தப் பஞ்சு தொண்டையில் போனால் இரண்டு நாள் இருமல்.

அது ஏன் மிதக்கிறது என்றால், ஒவ்வொரு இழையும் உள்ளே வெறும் குழாய், காற்று நிறைந்தது. மேலே மெழுகு பூசியது போல இருக்கும், தண்ணீர் லேசில் ஒட்டாது. பருத்திப் பஞ்சையும் இலவம்பஞ்சையும் ஒரு வாளியில் போட்டுப் பாருங்கள். பருத்தி குடித்துக் குடித்து அடியில் போகும். இலவம் மேலேயே நிற்கும். தலையணையைத் துவைக்க முடியாது என்று அம்மா திட்டுவதும் இதனால்தான், அமுக்கினாலும் மேலே வந்து நிற்கும்.

தலவாக்கலை 72:

டீச்சர், எழுத்து நன்றாக இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கசப்பாக ஒன்று சொல்லட்டுமா?

1864இல் ‘ஆதிலட்சுமி’ என்ற கப்பல், இந்தியாவிலிருந்து இலங்கைத் தோட்டத்துக்கு வந்த நம் ஆட்கள் 120 பேரோடு கடலில் மூழ்கியது. நீங்கள் சொல்லும் அந்தப் படகுகளை நடத்தும் மீட்புப் படகுச் சங்கம் அப்போது தொடங்கி 40 வருடம். தக்கை அங்கி கண்டுபிடித்துப் பத்து வருடம். அதே வெள்ளைக்காரனின் ஆட்சி, அதே வெள்ளைக்காரனின் தோட்டம். அங்கே ஒரு மாலுமிக்கு எட்டுப் பேர் துடுப்புப் போடுகிறார்கள், இங்கே 120 பேருக்கு ஒரு கயிறுகூட இல்லை. அந்த 120 பேரின் பெயர் எந்தச் சுவரில் இருக்கிறது?

அங்கே போய்க் கையெடுத்துக் கும்பிட எனக்கு மனம் வராது. மன்னியுங்கள்.

கொட்டகலை டீச்சர்:

தம்பி, மன்னிப்பெல்லாம் எதற்கு? படகைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கும் ஆதிலட்சுமி ஞாபகம் வராமல் இல்லை. என் பாட்டியின் பாட்டி தோணியில் வந்தவர். மலையில் பிறந்து மலையில் வளர்ந்தாலும் நம் கதை தோணியில்தானே தொடங்குகிறது.

ஆனால் ப்ளொக் நண்டு பிடிக்கிறவர். கரையில் அவரோடு படகைத் தள்ளியவர்களும் மீனவக் குடும்பங்கள்தான். துரைமார் கணக்கை அவர் தலையில் எழுதாதீர்கள்.

பழைய கடதாசி:

தலவாக்கலை அண்ணே சொல்வதில் பாதி சரி, மீதியை நான் சொல்கிறேன்.

அந்தச் சங்கம் அரசாங்கம் போட்டதல்ல. ரோயல் நெஷனல் லைஃப்போட் இன்ஸ்டிடியூஷன், 1824 மார்ச் 4ஆம் திகதி தொடங்கியது. மான் தீவில் இருந்த வில்லியம் ஹிலரி என்பவர் கரையில் கப்பல்கள் உடைவதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல் அறிக்கை எழுதி ஆட்களைச் சேர்த்தார். அதற்கும் முன்னால், குரோமர் இருக்கும் நோர்ஃபோக் கரையிலேயே இன்னொருவர், ஜோர்ஜ் மான்பி. 1807இல் ‘ஸ்னைப்’ என்ற போர்க்கப்பல் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் உடைந்தது. பார்த்துக்கொண்டிருந்த சனத்தின் கண் முன்னாலேயே 60க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். கரைக்கும் கப்பலுக்கும் நடுவில் ஒரு கயிறு இருந்திருந்தால் போதும் என்று மான்பிக்குப் பட்டது. சிறு பீரங்கியில் குண்டோடு கயிறு கட்டிச் சுட்டார். அடுத்த வருடமே ‘எலிசபெத்’ என்ற கப்பலில் இருந்த ஏழு பேரை அந்தக் கயிறு காப்பாற்றியது. பிறகு பீரங்கிக்குப் பதில் ராக்கெட் வந்தது.

வேலை செய்யும் விதம் நம் ஆட்களுக்கு உடனே விளங்கும். பழைய தோட்டங்களில் மேல்மலையிலிருந்து பெக்டரிக்குக் கம்பியில் கொழுந்து மூட்டை இறக்குவார்களே, அதேதான். முதலில் மெல்லிய கயிறு போகும். அதைப் பிடித்து இழுத்தால் கப்பி வரும், கப்பியோடு தடித்த வடம் வரும். வடத்தைப் பாய்மரத்தில் கட்டினால், வட்ட மிதவை ஒன்றில் அரைக் காற்சட்டை தைத்த மாதிரி ஒரு சாமான் தொங்கிக்கொண்டு வரும். கால் இரண்டையும் அதற்குள் விட்டு உட்கார்ந்தால் கரையில் இருப்பவர்கள் இழுத்துக்கொள்வார்கள். கொழுந்து மூட்டைக்குப் பதில் ஆள், அவ்வளவுதான்.

காப்பாற்றப் போனவர்களும் செத்திருக்கிறார்கள். 1886இல் ‘மெக்சிகோ’ என்ற கப்பலுக்காக இறங்கிய படகுகளில் மீட்பர்கள் மட்டும் 27 பேர் ஒரே இரவில் போனார்கள். கப்பலில் இருந்தவர்கள் தப்பிவிட்டார்கள்! செத்த மீட்பர்களுடைய விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் காசு சேர்ப்பதில் தொடங்கித்தான் 1891இல் மான்செஸ்டரில் தெருத் தெருவாக உண்டியல் குலுக்கினார்கள்.

அக்கரப்பத்தனைப் பொடியன்:

கிரேஸ் டார்லிங் என்று ஒரு பொண்ணு கப்பல் உடைந்து கிடந்தவர்களைக் காப்பாற்றிய கதை ஸ்கூலில் படித்த ஞாபகம். அது இங்கேதானா டீச்சர்?

பழைய கடதாசி:

இல்லை தம்பி. அது இன்னும் வடக்கே, பாம்பரோ என்ற ஊர்ப் பக்கம். 1838 செப்டெம்பர் 7. ‘ஃபோர்ஃபாஷயர்’ கப்பல் பாறையில் மோதி உடைந்தது. வெளிச்ச வீட்டுக்காரரின் மகள், 22 வயது, அப்பாவோடு ஒரு சின்னத் துடுப்புப் படகில் போனாள். ஒன்பது பேர் தப்பினார்கள். நாலு வருடத்தில் காசநோயில் இறந்துபோனாள். அந்தப் படகையும் பாம்பரோவில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள்.

கட்டார் ஓவர்டைம்:

எல்லாம் சரி. எனக்கு ஒரு விஷயம் விளங்கவில்லை. அவ்வளவு பணக்கார நாடு, கடலில் விழுந்தவனைக் காப்பாற்ற உண்டியல் குலுக்க வேண்டுமா? அதைப் போய் நாம் மெச்சுகிறோம். நாளைக்கு நம் அரசாங்கமும் ‘நீங்களே தொண்டு செய்துகொள்ளுங்கள்’ என்று கையைக் கழுவிவிடும். ஏற்கெனவே கழுவித்தான் இருக்கிறது. தொழிற்சங்கத்துக்குச் சந்தா கட்டியே கிழவனானவர்கள் நாம். இன்னுமா உண்டியல்?

கொட்டகலை டீச்சர்:

இதே கேள்வியை மருமகனும் கேட்டார். பெரியவர் சொன்ன பதில்: தேடுதலை ஒழுங்குபடுத்துவது, செய்தி அனுப்புவது, ஹெலிகொப்டர், இதெல்லாம் அரசின் கரையோரக் காவல் செய்கிறது. படகு மட்டும் சங்கத்தின் கையில், பெரும்பாலும் தொண்டர்கள். அரசாங்கத்திடம் போனால் செலவு குறைக்கிற முதல் வருடமே படகைக் குறைப்பார்கள் என்று பயமாம். அவருக்கு அரசாங்கத்தின் மேல் உள்ள நம்பிக்கை நமக்கு உள்ளது மாதிரியேதான் இருந்தது.

தலவாக்கலை 72:

அந்த ஒரு விஷயத்தில் கிழவரோடு கை குலுக்க நானும் தயார்.

தெல்வத்த போனவள்:

டீச்சர் நம் நாட்டில் இருக்கிறதா என்று கேட்டதற்குப் பதில். ஹிக்கடுவைக்கு அடுத்து தெல்வத்தவில் சுனாமி அருங்காட்சியகம் இருக்கிறது. காலி வீதியில் போகும்போது கொஞ்சம் கண்ணயர்ந்தால் தாண்டிவிடுவீர்கள். பெரிய கட்டடம் இல்லை, வீடுதான். உள்ளே படங்கள், கையால் எழுதிய பலகைகள், பிள்ளைகள் வரைந்த சித்திரங்கள். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ‘சமுத்திர தேவி’ கோச்சி கவிழ்ந்த பெரலிய பக்கத்தில்தான். கோச்சிக்குள் இருந்தவர்களும், அலைக்குப் பயந்து அதில் ஏறியவர்களுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் போனார்கள்.

ஹட்டனிலிருந்து பஸ் பிடித்து சுற்றுலா போனோம், நாற்பது பேர். பொடியன்கள் கடலில் குளிக்கத்தான் வந்தார்கள், அருங்காட்சியகம் என்றதும் முகம் சுருங்கியது. உள்ளே போய் வெளியே வந்த பிறகு பத்து நிமிடம் ஒருவரும் பாட்டுப் போடச் சொல்லவில்லை. எங்கள் பஸ்ஸில் அது அதிசயம். முதல் அலை வந்து போனதும் கடல் உள்ளே வாங்கியது, சனம் மீன் பொறுக்கப் போனது என்று அங்கே இருந்த அம்மா சிங்களத்தில் சொன்னார். சொல்லிக்கொண்டே படத்தில் இருந்த தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தார். எத்தனையாவது தடவையாகத் துடைக்கிறாரோ.

ஆனால் டீச்சர், அது இழந்தவர்களின் அருங்காட்சியகம். காப்பாற்றியவர்களின் அருங்காட்சியகம் அல்ல. உங்கள் பதிவைப் படித்த பிறகுதான் அந்த வித்தியாசம் எனக்குப் பட்டது. அன்றைக்குக் கயிறு எறிந்தவன், கதவை உடைத்தவன், யாரோ ஒருவனின் பிள்ளையைத் தென்னையில் ஏற்றிவிட்டவன், இவர்களெல்லாம் இருந்திருப்பார்கள்தானே?

கடற்கரைக்குச் சுற்றுலா போகிற நம் பொடியன்களுக்கு ஒன்று: கரையில் சிவப்பும் மஞ்சளுமான கொடி இரண்டு நட்டிருந்தால் அவற்றுக்கு நடுவில் மட்டும் குளியுங்கள். உயிர்காப்பாளர் பார்த்துக்கொண்டிருக்கும் இடம் அதுதான். ஆற்றுக் கிடங்கில் நீந்திப் பழகிய நீச்சல் கடல் இழுப்புக்கு உதவாது.

மேல்டிவிசன்:

நான் வழக்கமாக எழுதுவதில்லை, படித்துவிட்டுப் போய்விடுவேன். தெல்வத்த அக்கா எழுதியதைப் பார்த்து எழுதுகிறேன்.

2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை இறங்கியது எல்லோருக்கும் தெரியும். எங்கள் தோட்டம் அது இல்லை. எங்கள் டிவிசனில் நடந்தது சின்னச் சரிவு, பேப்பரில் இரண்டு வரி. ஆனால் இரண்டு காம்பரா மண்ணுக்குள் போனது. இரவு, மழை, கரண்ட் இல்லை. யார் அடித்தார்களோ தெரியாது, கோயிலடியில் தப்பு மேளச் சத்தம் கேட்டது. சாவுக்கு அடிக்கிற அடி இல்லை, திருவிழா அடியும் இல்லை. நிறுத்தாமல் ஒரே அடி. எல்லோரும் ஓடினோம்.

மண்வெட்டி போடக்கூடாது, உள்ளே ஆள் இருக்கிறது என்று மாமா கத்தினார். மண் கிளறும் முள்ளும் கூடாது என்றார். அலவாங்கால் (கடப்பாரையால்) தகரத்தை மட்டும் நெம்பித் தூக்கி, மண்ணைக் கையால்தான் அள்ளினோம். படங்குச் சாக்கில் அள்ளி அள்ளிப் பெண்கள் பின்னால் கடத்தினார்கள். காலை வெளிச்சம் வரும் நேரம் கிழவியை உயிரோடு எடுத்தோம். கம்பளியோடு மூலையில் சுருண்டு கிடந்தது. கூரைத் தகரம் சரிந்து நின்று ஒரு பொந்து மாதிரி ஆகியிருந்தது. பக்கத்துக் காம்பரா ஆளை எடுக்கும்போது உயிர் இல்லை.

மீட்புக்காரர்கள் வந்தார்கள், மத்தியானம். பாதை இல்லாத இடத்துக்கு அவர்களும் எப்படி வருவார்கள்? அதைக் குறையாகச் சொல்லவில்லை.

இப்போது எங்களிடம் ஒரு மழைமானி இருக்கிறது. 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் கவனமாக இரு, 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாகு, 150 தாண்டினால் கிளம்பு. கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு இது. ராத்திரி இரண்டு மணிக்கு ரோச் லைட் அடித்துப் போய்ப் பார்ப்பது நான்தான். சம்பளம் இல்லை. கட்டார் அண்ணே சொன்ன மாதிரி இது அரசாங்கம் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்கு மழை பெய்யும்போது அரசாங்கம் தூங்குகிறது, நான் முழித்திருக்கிறேன்.

கட்டார் ஓவர்டைம்:

தம்பி, நான் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை. ஆனால் உனக்கு ரோச் பெட்டரி வாங்க நான் காசு அனுப்புகிறேன். தனிச்செய்தி போடு.

கொட்டகலை டீச்சர்:

நேற்று இரவு படித்தேன். உடனே பதில் எழுத முடியவில்லை.

குரோமரில் அந்தக் காலத்தில் படகு ஆட்களைக் கூப்பிட வெடி போடுவார்களாம். வானத்தில் வெடித்ததும் கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடுவார்களாம். நீங்கள் தப்பு என்று எழுதியதும் எனக்குக் காலையில் வேலைக்கு ஆள் கூட்டும் பிரட்டுக்கு அடிக்கும் தப்புதான் முதலில் கேட்டது. அப்பா அந்தச் சத்தத்தைத் திட்டிக்கொண்டேதான் எழும்புவார். அதே தோலில் இப்படியும் ஒரு அடி இருந்திருக்கிறது.

அங்கே சுவரில் மரப்பலகைகள் இருக்கின்றன. திகதி, கப்பலின் பெயர், காப்பாற்றியவர்களின் எண்ணிக்கை, அவ்வளவுதான். அலங்காரம் ஒன்றும் இல்லை. 1932இல் ‘மொன்டே நெவோசோ’ என்ற இத்தாலியக் கப்பலில் தனியாக மிஞ்சிய ஒரு நாயைக்கூட ப்ளொக் கொண்டுவந்து தன் வீட்டில் வளர்த்தார். அதற்கும் மொன்டே என்று பெயர் வைத்தார். நாய்க்கும் பெயர் இருக்கிறது. மேல்டிவிசன் தம்பி, உங்கள் மாமாவின் பெயரை யாராவது எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறார்களா?

மேல்டிவிசன்:

இல்லை டீச்சர். செத்தவரின் பெயர் பதிவில் இருக்கிறது. தோண்டியவர்கள் 23 பேர். விரல் விட்டு எண்ணி இப்போதுதான் கணக்குப் பார்த்தேன், அம்மாவிடமும் கேட்டு. அம்மா இன்னும் நாலு பெண்களைச் சேர்க்கச் சொல்கிறார், தேத்தண்ணீர் ஊற்றியவர்களை.

பழைய கடதாசி:

கம்பளைப் பக்கம் பழைய பீக்கொக் தோட்டத்தில் தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று இருக்கிறது, லயக் காம்பராக்களையே அருங்காட்சியகமாக மாற்றியது. பழைய பாத்திரம், கருவி, கடதாசி எல்லாம் வைத்திருக்கிறார்கள். கேட்டுப் பார்க்கலாம். கேட்பதற்கு முன்னால் நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

தலவாக்கலை 72:

நான் எழுதித் தருகிறேன். கையெழுத்து நன்றாக இருக்கும் என்று டீச்சருக்குத் தெரியாது, ஆனால் நான் அவருடைய பழைய மாணவன்தான். 1983இல் எட்டாம் ஆண்டு. சீ.ஆர். கொப்பி ஒன்று வாங்கிவிட்டேன். முதல் பக்கத்தில் ஆதிலட்சுமி, 1864, 120 பேர் என்று மட்டும் எழுதி மிச்சத்தை வெறுமையாக விட்டிருக்கிறேன். இரண்டாம் பக்கத்திலிருந்து மேல்டிவிசன். 23 பெயரையும் அனுப்பு தம்பி.

கொட்டகலை டீச்சர்:

27. தேத்தண்ணீர் ஊற்றியவர்களை விட்டுவிட்டாய். எட்டாம் ஆண்டிலும் இப்படித்தான் கூட்டலில் விட்டாய், இப்போது யார் என்று விளங்கிவிட்டது!

மேல்டிவிசன்:

27 பேரையும் நாளைக்கு அனுப்புகிறேன். அந்த அலவாங்கு மாமா வீட்டில் இன்னும் இருக்கிறது. கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஒரு நுனி கொஞ்சம் வளைந்துபோய் இருக்கும். கேட்டால் தருவார்களா தெரியவில்லை, வேறு முட்டு ஒன்று செய்து கொடுத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.